பாடாணமும் பதிவேடும்

தைப்பூசத்திற்குச் செட்டிநாட்டு நகரத்தார் காவடி சுமந்து பழனிக்கு நடக்கிறார்கள். அங்குள்ள மூலவரைப் போகர் ஒன்பது பாடாணங்களால் சமைத்தார் என்பது மரபு. நஞ்சே மருந்தாகும் என்னும் அந்நம்பிக்கைக்கு வேலூரில் ஒரு மருத்துவ வரலாறும் உண்டு.

வெள்ளைப் பாடாணம் என்பது ஆர்சனிக் ட்ரையாக்சைடு. 1970களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் அதை இரத்தப் புற்றுநோயாளருக்கு ஊசிவழிச் செலுத்தினர். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்னும் வகைக்கு அது நன்கு பயன்பட்டது. இரத்தக் கசிவால் சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது. ரெட்டினாயிக் அமிலமும் கீமோதெரபியும் சேர்ந்த, அன்று வழக்கமாக இருந்த சிகிச்சையோ நம் நாட்டில் பலருக்குக் கட்டுபடியாகவில்லை.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 1998 முதல் 2004 வரை, புதிதாக இந்நோய் கண்ட 72 பேருக்கு ஆர்சனிக்கை மட்டுமே அளித்தனர். 62 பேருக்கு நோய் முற்றாகத் தணிந்தது. 2006இல் 'பிளட்' ஆய்விதழில் முடிவுகள் வெளியாயின. ஒப்பீட்டுக் குழு இல்லாமை அவ்வாய்வின் எல்லை. 2013இல் வெளியான இத்தாலிய, ஜெர்மானிய ஒப்பீட்டு ஆய்வு, கடுமை குறைந்த நிலையினருக்கு ஆர்சனிக்கும் ரெட்டினாயிக் அமிலமுமே போதும், கீமோதெரபி வேண்டியதில்லை என்று காட்டியது.

'சித்தர்கள் அன்றே அறிந்தது' என்று இதை முடித்துவிடலாகாது. நஞ்சு மருந்தாகும் என்று மரபு சொன்னது. எவ்வளவு, எவருக்கு, எத்தனை நாள் என்பதை ஆய்வே அளந்து எழுதியது. நோய் தணியாத பத்துப் பேரும் அந்த ஏட்டில் இருக்கிறார்கள். போகர் கதையில் அவர்களுக்கு இடமில்லை.