திண்ணையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சியாளர்கள்: கொல்கத்தா, 1969–1998

1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் அணி மோகன் பகானை 5–0 என்று வீழ்த்தியது. வென்ற அணியின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. மறு ஆண்டு அவர் மோகன் பகானின் பயிற்சியாளர். தன்னை அவமானப்படுத்தியவரையே அழைத்துவந்து பொறுப்பை ஒப்படைத்த இச்செயலை நிர்வாகத்தின் சாமர்த்தியம் என்று மட்டும் வாசிப்பது போதாது என்பது என் கருத்து. பயிற்சியாளர் என்பவர் ரசிகரின் பேச்சுக்குள் முழுமையாக நுழைந்துவிட்டார் என்பதற்கும் அது சான்று.

இது பழைய வழக்கமன்று. 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்ற மோகன் பகானுக்கு இன்றைய பொருளில் பயிற்சியாளர் கிடையாது. அதன் பிறகும் நெடுங்காலம் கொல்கத்தா ரசிகரின் ஊகமெல்லாம் ஆட்டக்காரர்களைப் பற்றியதே. ‘தள்பதல்’ எனப்படும் அணிமாற்றப் பருவத்தில், சுதர்கின் தெருவிலுள்ள ஐ.எஃப்.ஏ. அலுவலகத்தில் யார் எந்த அணிக்குக் கையொப்பமிடுவார் என்பதே கேள்வி. எதிரணியார் கவர்ந்துவிடாதிருக்க ஆட்டக்காரர்களை ஒளித்துவைத்த கதைகள் ஏராளம். இவையெல்லாம் விவாதிக்கப்பட்ட இடம் ‘ரொக்’. வீட்டு வாசலையொட்டிய மேடை அது. நம் திண்ணைதான், வேறொன்றுமில்லை.

அந்தத் திண்ணைக்கு ‘எப்படி ஆடுவது?’ என்ற கேள்வியைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமல் தத்தா. இங்கிலாந்து சென்று பயிற்சிக்கலை பயின்று திரும்பியவர். 1969இல் மோகன் பகானின் பக்கவாட்டுப் பின்கள ஆட்டக்காரர்களைத் தாக்குதலுக்கு முன்னேறி ஓடச் செய்தார். தற்காக்க வேண்டியவர் தம் இடத்தை விட்டு ஓடுவதா என்பது அக்காலத்தில் நியாயமான அச்சமே. அவ்வாண்டுக் கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 3–1 என்று தோற்றது.

பி.கே.யின் புகழ் வேறு வகைப்பட்டது. 1962 ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியின் முன்கள வீரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணித்தலைவர். ஆட்டத்துக்கு முன் அவர் ஆற்றும் உரைக்கு ‘வோக்கல் டானிக்’ என்றே பெயர். 1970 முதல் ஆறாண்டுகள் தொடர்ந்து லீக்கை வென்றுவந்த ஈஸ்ட் பெங்காலின் ஓட்டத்தை, 1976இல் அவருடைய மோகன் பகான் நிறுத்தியது.

இங்கிருந்தே ‘தத்தா என்றால் வியூகம், பி.கே. என்றால் பேச்சு’ என்ற இருமை உருவாகிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும், இவரை நீக்கி அவரை அழையுங்கள் என்று வாதாட வசதியான வாய்பாடு. இருவரும் இரு கழகங்களிலும் பணியாற்றியவர்கள் என்பது வாதத்தின் சூட்டில் மறந்துபோகும்.

அந்த வாய்பாடு உச்சமடைந்ததும் தடுமாறியதும் 1997இல். மோகன் பகானில் தத்தா, ‘டயமண்ட்’ எனப்பட்ட தாக்குதல் வியூகத்தோடு. ஈஸ்ட் பெங்காலில் பி.கே. கூட்டமைப்புக் கோப்பைக் காலிறுதியில் சர்ச்சில் பிரதர்ஸை 6–0 என்று நொறுக்கியதும் வியூகம் வெல்ல முடியாததாகப் பேசப்பட்டது. அரையிறுதிக்கு முன் தத்தா எதிரணியினரைக் கேலி செய்தார். பாய்ச்சுங் பூட்டியா ‘சம்சம்’ என்னும் இனிப்பு ஆனார். ஓமோலோ ஆம்லெட் ஆனார். சோசோ வெள்ளரிக்காய் ஆனார். ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. பூட்டியா மூன்று கோல்கள்.

திண்ணையின் தீர்ப்பு உடனே மாறியது. கேலிப்பேச்சுதான் பி.கே.யின் டானிக்குக்கு மருந்தானது என்றார்கள். வேடிக்கை என்னவெனில், ‘வியூகக்காரர்’ தம் வாயால் தோற்றார் என்பதே அவர்களின் விளக்கம். முன்னேறியவர்களின் முதுகுக்குப் பின்னே கிடந்த வெற்றிடத்தைப் பூட்டியாவின் வேகம் பயன்படுத்திக்கொண்டது என்ற ஆட்டநுட்பக் காரணம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆனால் அதே வெற்றிடம் காலிறுதியிலும் இருந்ததுதானே? நாம் நினைவுகளைச் சான்றாகக் கொள்ளும்போது எழும் சிக்கல் இது. ஆட்டத்துக்கு முந்தைய ஊகத்தை முடிவு அழித்தெழுதிவிடுகிறது. 6–0க்கும் 4–1க்கும் இடைப்பட்ட அந்தச் சில நாள்களின் பேச்சை, பிந்தைய நேர்காணல்களிலிருந்து மீட்க இயலாது; அந்நாளைய செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களையே நாட வேண்டும்.

தத்தாவா, பி.கே.யா என்ற வழக்கு ஓயவில்லை. 1997–98 தேசிய லீக்கை மோகன் பகான் வென்றபோது அதன் பயிற்சியாளர் இவ்விருவரும் அல்லர். கேரளத்துச் சாலக்குடியைச் சேர்ந்த டி.கே. சாத்துண்ணி.