நீலத்துக்கு அப்பால்: ஆழ்கடல் மீன்களின் பார்வை பற்றிய ஆய்வு வளர்ந்த விதம்

‘சேலஞ்சர்’ கப்பலின் 1872–76 பயணத்தில் பிடிபட்ட இப்னாப்ஸ் என்னும் மீனை 1878இல் ஆல்பர்ட் குந்தர் விவரித்தபோது, அதன் கண் எது என்பதே தெளிவாகவில்லை. தலையின் மேற்புறத்தில் தட்டையான இரண்டு தகடுகள் மட்டுமே இருந்தன. அவை ஒளி உமிழும் உறுப்புகள் என்றார் அப்பயணத்தில் சென்ற இயற்கையியலாளர் மோஸ்லி. லென்ஸே இல்லாத அந்தத் தகடுகளில் இருப்பது விழித்திரைதான் என்று டென்மார்க்கின் ஓலே முங்க் 1959இல் காட்டினார். இடைவெளி எண்பது ஆண்டுகள். இத்துறையின் வரலாறு முழுவதும் இப்படித்தான் நகர்ந்திருக்கிறது: ஒவ்வொரு தலைமுறையும் தன் கருவி காட்டியதைப் பெரும்பாலும் சரியாகவே கண்டது; ஆனால் கண்டது அவ்வளவுதான் என்று நின்றுவிட்டது.

முதல் கருவி கத்தியும் நுண்ணோக்கியும். ‘வால்டிவியா’ பயணத்தில் (1898–99) சேகரித்த மீன்களை ஆராய்ந்த ஆகஸ்ட் பிரவர், 1908இல் வெளியிட்ட தொகுதியில் மேல்நோக்கிய குழாய்க் கண்களை விரிவாக வரைந்து வைத்தார். மேலிருந்து கசியும் மங்கிய ஒளியில் இரையின் நிழலுருவைப் பிடிக்க ஏற்ற அமைப்பு அது. பாடம் செய்த உடலில் வடிவம் நிலைக்கும். ஒளியை உறிஞ்சும் நிறமி நிலைக்காது.

நிறமி பற்றிய கேள்வி இயற்பியலிலிருந்து வந்தது. கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. தெளிந்த பெருங்கடலில் ஆழமாக இறங்குவது 475 நானோமீட்டரை ஒட்டிய நீலம். 1,000 மீட்டருக்குக் கீழே கதிரவன் ஒளியே கிடையாது; அங்குள்ள உயிர்கள் உமிழும் ஒளியிலும் நீலமே மிகுதி. ஆகவே அங்கு வாழும் மீனின் நிறமியும் நீலத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும் என்று 1936இலேயே ஊகித்திருந்தார்கள். 1957இல் பிளிமத்தில் எரிக் டென்டனும் வாரனும், அமெரிக்காவில் மன்ஸும் தனித்தனியே அதை மெய்ப்பித்தனர். மற்ற மீன்களின் விழித்திரை செவ்வூதாவாகத் தெரியும். இவற்றினுடையது பொன்னிறமாக இருந்தது. நீலத்தை உறிஞ்சினால் எஞ்சித் தெரிவது பொன்னிறம்தானே. ஆழமற்ற கடலின் மீன்களில் 500 நானோமீட்டரை ஒட்டியிருந்த உறிஞ்சல் உச்சம், இவற்றில் 480ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆற்றிலிருந்து சர்காசோ கடலுக்குப் புறப்படும் ஐரோப்பிய விலாங்கோ இந்த நகர்வை ஒரே வாழ்நாளில் செய்துமுடிக்கிறது. கண் பெரிதாகிறது, நிறமியும் மாறுகிறது.

இந்த விடை அழகானது, சரியானதும்கூட. சிக்கலும் அங்கேதான். ஆழ்கடல் மீனுக்கு மங்கிய ஒளியில் இயங்கும் கோல் செல்கள் உண்டு, அவற்றில் ஒரே நிறமி உண்டு, அது நீலத்தைப் பார்க்கும் என்று துறை ஏறக்குறைய முடிவுகட்டிவிட்டது.

இந்த முடிவை அசைத்தது மலக்கோஸ்டியஸ் நைஜர் என்னும் மீன். நிறமி வெளுத்துவிடாதிருக்க ஆய்வாளர்கள் விழித்திரையை மங்கிய சிவப்பு விளக்கில்தான் கையாள்வார்கள். ஆழ்கடல் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது என்பது அதன் அடிப்படை. இந்த மீனோ கண்ணுக்குக் கீழேயே சிவப்பு விளக்கைச் சுமந்து திரிகிறது. அதன் ஒளி 700 நானோமீட்டரையும் தாண்டும். சுற்றியுள்ள இரைக்குத் தெரியாது, இதற்கு மட்டும் தெரியும். எப்படி? இதன் சொந்த நிறமி அவ்வளவு தொலைவுக்கு எட்டுவதில்லை. ரான் டக்ளஸ், ஜூலியன் பார்ட்ரிட்ஜ் உள்ளிட்டோர் 1998இல் ‘நேச்சர்’ இதழில் தந்த விளக்கம் வியப்பானது: விழித்திரையில் பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருள் இருக்கிறது, அது சிவப்பு ஒளியை வாங்கி நிறமிக்குக் கைமாற்றுகிறது. விலங்கு எதுவும் பச்சையத்தைத் தானே ஆக்க முடியாது. உணவின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். பெரிய வாயும் கூரிய பல்லும் கொண்ட இம்மீனின் வயிற்றில் கோப்பிபாட் என்னும் சிற்றுயிர்கள் ஏராளமாகக் கிடைப்பது இதற்குப் பொருந்துகிறது. பார்வையின் பரிணாமத்தை இரையோடு சேர்த்தே ஆராயவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கருவி மரபணு. கோல் செல்லின் நிறமிப் புரதத்தில் 292ஆம் இடத்து அலனைன் செரைனாக மாறினால் உச்சம் சுமார் 10 நானோமீட்டர் நீலத்துக்கு நகர்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல குடும்பங்களில் இதே மாற்றம் தனித்தனியே நிகழ்ந்துள்ளது. ஷோசோ யோகோயாமா குழு 2008இல் மூதாதை மீன்களின் புரதங்களையே ஆய்வகத்தில் மீட்டு உருவாக்கி அளந்தது. ஒரே மாற்றம் வெவ்வேறு புரதங்களில் வெவ்வேறு விளைவைத் தருகிறது என்ற அவர்களின் எச்சரிக்கையை மறக்கக்கூடாது.

2019இல் ஸுஸானா முசிலோவா, ஃபாபியோ கோர்ட்டேசி, வால்ட்டர் சால்ஸ்பர்கர் முதலியோர் 101 மீன்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டனர். முதுகெலும்பிகளில் பெரும்பாலும் ஒன்றே இருக்கும் கோல் நிறமி மரபணு, டைரெட்மஸ் அர்ஜென்டியஸ் மீனில் 38 இருந்தது. ‘ஒரே நிறமி’ என்ற கருத்து அதோடு போயிற்று. ஆனால் மரபணுக்கள் பல என்பதால் நிறங்களும் பல தெரியும் என்று தாவுவது அவசரம். நிறம் பிரித்தறிய, செல்களின் சைகைகளை நரம்பு மண்டலம் ஒப்பிட்டாக வேண்டும். வலையில் வந்த மீன் பெரும்பாலும் செத்தோ குற்றுயிராகவோ கப்பலேறும் நிலையில், அதன் நடத்தையைச் சோதிப்பது எளிதல்ல.

அண்மைக்கால ஆய்வுகள் கேள்வியை வேறு பக்கம் திருப்பியுள்ளன. நிக் லூப்ஷேயும் குழுவினரும் 2021இல் காட்டியபடி, மேல்நீரில் வளரும் குஞ்சுகள், நல்ல வெளிச்சத்தில் இயங்கும் கூம்பு செல்களின் மரபணுக்களை நம்புகின்றன. ஆழத்துக்கு இறங்கிய பிறகே கோல் செல்கள் மேலோங்குகின்றன. லாந்தர் மீன்களின் பார்வையில் முனைவர் பட்டம் பெற்ற ஃபானி டி புஸ்ஸரோல், நார்வேயிலும் செங்கடலிலும் பிடித்த மவுரோலிகஸ் மீன்கள் பற்றிய ஆய்வைக் குழுவினருடன் 2017இல் வெளியிட்டார். அந்தி வெளிச்சத்தில் இரைதேடும் இவற்றின் விழித்திரைச் செல்கள் உருவத்தில் கோல். உள்ளே இயங்கும் மரபணுக்களோ கூம்பினுடையவை. இவற்றைக் கோல் வரிசையில் எழுதுவதா, கூம்பு வரிசையிலா என்பதற்குப் பாடநூல் வகைப்பாட்டில் இடமில்லை.