பெரும்பாடு: செஞ்சியிலிருந்து ஒரு குறிப்பு

செஞ்சிக்கோட்டை வரலாறுகளில் ரத்தத்துக்குக் குறைவில்லை. 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்த தேசிங்கின் ரத்தம் கதைப்பாடலாகி இன்னும் ஓடுகிறது. 2025இல் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் ராணுவப் பெருமைக்காகத்தான். உதிரம் நிற்காமல், வயிற்றிலும் ஒன்றும் தங்காமல் நொந்துபோன பெண்களின் ரத்தம் இதில் எங்கே வருகிறது?

சித்த மருத்துவம் இதைப் பெரும்பாடு என்கிறது. நோயின் பெயரிலேயே அவள் படும் பாடு இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டுக்கு விடை சொல்ல வந்த நிறுவனங்கள் எதைக் காப்பாற்றின என்று பார்க்க வேண்டும்.

செஞ்சியை அடுத்த மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பேயோட்டுவார்கள். 1990களின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் இஸபெல் நபோகோவ், பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாக மணமான பெண்களை என்று கண்டார். பிடிப்பது அகாலத்தில் செத்த இளைஞன். அவளைப் பிள்ளை பெற விடாதவன். அவனை விரட்டி அவளை மனைவியாக மீட்பதே சடங்கின் வேலை. அவளுடைய விருப்பம் பேயின் வாயால்தான் பேச முடிகிறது.

நவீன மருத்துவம் வேறொன்றைச் செய்தது: 'புள்ளைதான் பொறந்தாச்சே, எடுத்துப்புடலாம்.' 2015–16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கருப்பையை எடுத்ததற்குப் பெண்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் மிகையான உதிரப்போக்குக்கும் வலிக்கும். தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் ஏற்க வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2023இல் உத்தரவிட வேண்டிவந்தது. பிள்ளை வேண்டுமென்றால் பேய், வேண்டாமென்றால் கத்தி. இரண்டிலும் கணக்குப் பார்ப்பது குடும்பம்தான்.

இடையில் வழியே இல்லையா? 2011இல் உலக மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு பெரும்பாட்டின் காரணங்களை ஒன்பதாகப் பிரித்தது. நார்க்கட்டி, முட்டை சரியாக வெளிப்படாமை, ரத்தம் உறைதலில் குறை என்று ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கருத்தடை மாத்திரை உதிரத்தைக் குறைக்கும். எடுக்கும்வரை கருவையும் தடுக்கும். 1962இல் ஜப்பானிய மருத்துவர் உட்டாகோ ஒகாமோட்டோ கணவரோடு சேர்ந்து கண்டறிந்த டிரானெக்ஸாமிக் அமிலம் ஹார்மோன் அல்ல. உதிரம் போகும் நாட்களில் மட்டும் எடுப்பது. கருவுறுதலைத் தடுக்காது (ரத்தக்கட்டு ஆபத்து உள்ளவர்களுக்கு ஆகாது). கருப்பையின் உட்குழிக்குள் துருத்தும் நார்க்கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையை விட்டுவைக்கவும் முடியும்.

ஆகவே எந்த வைத்தியம் என்பது 'உனக்குப் புள்ள வேணுமா?' என்ற கேள்விக்குப் பிறகுதான் தீர்மானமாக முடியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கூட வந்த மாமியார் அல்ல, பாடு படுகிறவள்.