கோதடி ஓரத்தையல்

கோதடியின் நான்கு விளிம்பையும் ஒட்டி, உள்நோக்கி வரிசை வரிசையாகப் போடும் நேர்த்தையல் ஓரத்தையல் எனப்படும். பழந்துணிகளை அடுக்கி, அடுக்குகள் நகராதபடி நூலோட்டித் தைத்த விரிப்பையும் போர்வையையும் மராத்தியில் கோதடி என்பார்கள். மேற்கு மகாராஷ்டிரத்தில் வாகள் என்றும் சொல்வதுண்டு. வட கர்நாடகத்தில் இதன் பெயர் கவுதி, தெலுங்கில் பொந்த. இன்று கிழிசலை மட்டுமே குறிக்கும் நம் கந்தை என்ற சொல்லும், வங்காளத்தின் புகழ்பெற்ற காந்தாவும் கந்தா என்ற ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அங்கே அது கலையாயிற்று, இங்கே கிழிசலாகவே நின்றுவிட்டது.

மும்பையின் சயான் வட்டாரத்துக்கு மராத்திப் பெயர் சீவ். எல்லை என்று பொருள். பம்பாய்ப் பக்கம் ஆங்கிலேயர், எதிரே சால்செட் தீவில் போர்ச்சுக்கீசியர் என்று இருந்த நாளில் இரண்டுக்கும் நடுவே இருந்த ஓரம் இது. ஜெரால்டு ஆஞ்சியர் ஆளுநராக இருந்த 1669–1677 காலத்தில் இங்கே குன்றின்மேல் கோட்டை எழுந்தது. கோதடிக்கும் காவல் ஓரத்தில்தான். படுக்கும்போதும் இழுக்கும்போதும் துவைக்கும்போதும் முதலில் அடிபடுவது விளிம்பு; முதலில் பிசிறு விடுவதும் அதுதான். அதனால் கையால் தைப்பவர்கள் அங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

கைத்தையல்

மகாராஷ்டிரப் பெண்களின் நவுவாரிப் புடவை ஒன்பது கஜம், அதாவது ஏறத்தாழ 8.2 மீட்டர். நான்காக மடித்தால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளம் கிடைக்கும். பல வருடம் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவையே மேலும் கீழும் வரும். நடுவில் வேட்டி, சட்டை, படுக்கை விரிப்பு என்று வீட்டில் கழித்த எல்லாம் போகும். பச்சைப்பிள்ளைக்கென்று சின்னதாகத் தைத்தால் அதற்குத் துபட்டே என்று தனிப்பெயர். மும்பையில் குளிர் பேருக்குத்தான் என்பதால் இங்கே கோதடி போர்த்துவதைவிட விரிப்பதற்கே அதிகம் பயன்படுகிறது. ஒண்டுக் குடித்தன அறைகளில் இரவில் மெத்தையாகக் கிடப்பது பகலில் மடித்து மூலையில் ஏறிவிடும்.

விளிம்புக்குப் புடவைக் கரையைக் கிழித்து வைத்துத் தைப்பது பழைய வழக்கம். அழகு மட்டுமல்ல, அதில் நுட்பமான கணக்கும் இருக்கிறது. கரை, பாவு நூலின் போக்கில் ஓடுவது. தறியில் இழுத்துக் கட்டிய நூல் அது, நெருக்கமாகவும் நெய்திருப்பார்கள். அதனால் கரையைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் நீளாது. குறுக்கே வெட்டிய துணி கொஞ்சம் கொடுக்கும், சாய்வாக வெட்டியது தாராளமாகக் கொடுக்கும். நீளாத துணியில் போட்ட கோடுதான் துவைத்த பிறகும் கோடாக நிற்கும். பருத்தி உடலுக்குச் செயற்கை இழைக் கரையை வைத்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. பருத்தி தண்ணீரில் சுருங்கும், கரை சுருங்காது. முதல் சலவையிலேயே விளிம்பு சுருக்கம் விட்டுத் தொங்கும்.

அடுக்குகளைத் தரையில் விரித்து, மூலைகளில் கனமாக எதையாவது வைத்து, பெரிய பெரிய கச்சாத் தையலால் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு விளிம்பை உள்ளே மடித்து முதல் சுற்று. மூலை வந்ததும் திரும்பி அடுத்த பக்கம், அதிலிருந்து அடுத்தது. ஒரு சுற்று முடிந்ததும் ஒரு விரல் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இப்படிச் சதுரத்துக்குள் சதுரமாக நடுவரை போகும்.

தைப்பவரின் உடம்பைக் கவனித்தால் கருவி எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு கால் நீட்டி, கோதடியின் மேலேயே உட்கார்ந்திருப்பார். கால் பெருவிரல் துணியை அழுத்திப் பிடிக்கும், இடது கை அடியிலிருந்து விறைப்பாக ஏந்தும். ஊசியில் நாலைந்து தையலை மொத்தமாகக் கோத்து ஒரே இழுப்பில் நூலை வாங்குவார். வாங்கிய கையோடு கட்டைவிரலால் அந்தத் தையலை ஒருமுறை நீவிவிடுவார். அந்த நீவல் இல்லையென்றால் நூல் துணியைச் சுருட்டிக்கொள்ளும், கோடு குட்டையாகும், எதிர் ஓரத்தோடு நீளம் ஒத்துப்போகாது.

இதில் எங்கேயும் கோடு வரைவதில்லை. விளிம்பு முதல் கோட்டுக்கு வழி, முதல் கோடு இரண்டாவதற்கு வழி. ஆனால் முதல் சுற்றில் ஓரிடத்தில் கை வளைந்துவிட்டால் அந்த வளைவு அடுத்த சுற்றிலும் விழும், அதற்கடுத்ததிலும் விழும்; நடுவரைக்கும் அது போகும். தேர்ந்த கை அதை ஒரேயடியாக நிமிர்த்தாது. சுற்றுக்குக் கொஞ்சமாக, நூல் கனம் நூல் கனமாக விட்டுக்கொடுத்து நாலைந்து சுற்றில் சரிக்கட்டும். பழைய கோதடியில் மெல்ல மெல்ல நிமிரும் கோடுகளைப் பார்த்தால் அதைத் தைத்தவர் மேல் மரியாதை தன்னால் வரும்.

உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி மக்களின் கவந்தி இதற்கு உறவுமுறை. ஆப்பிரிக்க வழிவந்த அந்தப் பெண்களும் மூலையில் தொடங்கி ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பெயர் பூ. பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு முடிந்த கவந்தி அல்ல. 2004-ல் இவர்களுக்கென்று ஒரு கூட்டுறவு அமைப்பும் உருவானது. மும்பையின் கீதா கண்டேல்வால் மகாராஷ்டிரக் கோதடிகளைத் தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். பாட்ரிக் ஃபின் இந்தியக் கோதடிகள் பற்றிய நூலை 2014-ல் வெளியிட்டார். அதுவரை வீட்டுக்குள் தேய்ந்து, கடைசியில் கரித்துணியாகி மறைந்துகொண்டிருந்த பொருள் இது.

சயானை ஒட்டிய தாராவியில் தைத்த துணி வேறொரு வேலையும் செய்தது. குழந்தைகள் நல மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு 2015-ல் தாராவி பியனாலே என்ற கலைவிழாவை நடத்தியது. அதில் தாராவிப் பெண்கள் தங்கள் வட்டாரத்தின் வரைபடத்தைத் துணியில் தைத்து, குடும்ப வன்முறையின் தடங்களை அதில் பதித்தார்கள்.

இயந்திரத்தில்

வீட்டுத் தையல் மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இராது. தடித்த கோதடியைச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்துத் திருப்புவது பெரும்பாடு. கோதடிக்கென்றே உள்ள லாங்ஆர்ம் என்ற நீள்கை மெஷினில் அந்த இடைவெளி 18 அங்குலம் முதல் 30 அங்குலம் வரை இருக்கும். அதைவிடப் பெரிய வித்தியாசம், துணி அசையாது, மெஷின்தான் அசையும். அடித்துணியும் மேல்துணியும் உருளைகளில் சுற்றி விறைப்பாக நிற்க, நடுவே பஞ்சடுக்கு. தண்டவாளம் போன்ற சட்டத்தில் ஓடும் மெஷினை இரு கைப்பிடியால் நகர்த்தித் தைக்க வேண்டும். துணியைத் தள்ளியே பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். சட்டம் 10 முதல் 12 அடி நீளம் வருவதால், பத்துக்குப் பத்து அறைகளில் இயங்கும் தாராவியின் சிறு பட்டறைகளுக்கு இது எளிதில் ஒத்துவராது. அமெரிக்காவில் 1980களுக்குப் பிறகு வீட்டுத் தொழிலாகப் பரவிய முறை இது. இந்தியாவில் ஒட்டுத்துணிக் கோதடி பயில்வோர் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கான தேசிய அளவிலான விழா 2019 ஜனவரியில் சென்னையில் நடந்தது.

ஒரு கணக்குப் போட்டால் இந்த மெஷினில் ஓரத்தையலின் சிக்கல் புரியும். 90-க்கு 108 அங்குலக் கோதடி. ஓரம் 8 அங்குல அகலம். அங்குலத்துக்கு ஒரு கோடு என்று சுற்றிலும் 8 கோடு. விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே போகும் முதல் சுற்று 388 அங்குலம். அடுத்தடுத்த சுற்று 8 அங்குலம் குறையும். எட்டுச் சுற்றும் சேர்ந்து 2,880 அங்குலம், அதாவது 80 கஜம். அங்குலத்துக்கு 10 தையல் என்றால் 28,800 தையல்.

நீளம்கூடப் பெரிதல்ல, இணைப்புதான் பெரிது. 24 அங்குல மெஷினில் ஒரு தடவைக்கு உண்மையில் தைக்கக் கிடைப்பது 18 அங்குலம் அளவுதான். மீதியைச் சுருளின் பருமன் தின்றுவிடும். 108 அங்குல நீளத்தை 6 தடவையாகத் தைக்க வேண்டும், நடுவே 5 முறை உருட்ட வேண்டும். மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே ஓட்டத்தில் முடியும். பக்க ஓரத்தின் ஒவ்வொரு கோடும் 5 இடத்தில் அறுந்து ஒட்டும். இரு பக்கமும் சேர்த்து 16 கோடு, 80 ஒட்டு. கையால் தைப்பவருக்கு முந்தைய கோடு எப்போதும் கண்ணெதிரே இருக்கும். இங்கே அது உருளைக்குள் போய்விட்டது. குறி வரைந்தே ஆகவேண்டிய கட்டாயம் இதனால்தான்.

இந்த ஒட்டுச் சிக்கலுக்கு மூன்று வழி உண்டு. நடுப்பகுதியை முடித்தபின் கோதடியைக் கழற்றி 90 பாகை திருப்பி மறுபடி ஏற்றினால் பக்க ஓரமும் ஒரே ஓட்டத்தில் வரும். வேலை இரட்டிப்பு, பலன் சுத்தம். அல்லது ஓரத்துக்கு இணையாகப் போடாமல் பியானோக் கட்டைபோல் குறுக்குக் கோடுகளாகப் போடலாம். ஒவ்வொன்றும் 8 அங்குலமே என்பதால் ஒட்டு விழாது; மூலையில் மட்டும் 45 பாகைக் கோடு ஒன்று வரைந்து, இரு பக்கக் கோடுகளையும் அதில் நிறுத்த வேண்டும். மூன்றாவது, ஏற்றுவதற்கு முன்பே எல்லாக் கோட்டையும் மேசையில் விரித்து வரைந்துவிடுவது. கொத்தனார் நூல் பிடிப்பதுபோல, பொடி தோய்ந்த நூலை இரு முனையில் பிடித்து நடுவில் சுண்டினால் 108 அங்குலக் கோடு நொடியில் விழும். இதுவே எனக்கு உகந்தது. உருட்டும்போதெல்லாம் பக்கக் கவ்விகள் துணியை வெளியே இழுக்கும். கோடு முன்பே இருந்தால்தான் அந்த இழுப்பு கண்ணுக்குத் தெரியும், கவ்வியைத் தளர்த்தவும் தோன்றும்.

சானல் லாக் என்ற பூட்டைப் போட்டால் மெஷின் ஒரே திசையில்தான் ஓடும், கோடு பிசகாது. புதிதாக வாங்கியவர்கள் இதை முழுதாக நம்பி ஏமாறுகிறார்கள். பூட்டு தரும் நேர், சட்டத்துக்கு நேர். கோதடியோ அரை அங்குலமாவது கோணியிருக்கும். ஓரத்துணி இணையும் மூட்டில் தொடக்கத்தில் ஓர் அங்குலம் தள்ளியிருந்த தையல், மறுமுனையில் அரை அங்குலத்தில் போய் நிற்கும். பார்க்கிறவர் கண் சட்டத்தை அறியாது. மூட்டோடு ஒப்பிட்டே அது பார்க்கும். ஆகவே மூட்டுக்கோட்டை ஒட்டித் தடித்த அளவுகோலை வைத்து, ஊசிக்கால் அதில் உரசியபடி போவதே சரி. ஊசிக்கும் காலின் விளிம்புக்கும் இடையே பெரும்பாலும் கால் அங்குலம் இருக்கும். அதைக் கழித்து அளவுகோலை வைக்க வேண்டும். துணி கோணினால் கோடும் அதோடு போகட்டும். தரையில் உட்கார்ந்து தைக்கும் பெண் செய்வதும் இதுதான்.

அலை விடுதல்

நடுவில் நெருக்கமாகத் தைத்து ஓரத்தில் தாராளமாக விட்டால் நடு சுருங்கும், ஓரம் அப்பளம்போல் அலை அலையாக நிற்கும். தையல் நெருக்கம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே மருந்து. ஓரத்துணியை வெட்டும்போது விளிம்பை அளந்து வெட்டக் கூடாது. கையாண்டதில் விளிம்பு ஏற்கனவே நீண்டிருக்கும். கோதடியின் நடுவில் ஒன்று, இரு பக்கம் ஒவ்வொன்று என மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்து வெட்டி, ஓரத்தை அந்த அளவுக்கு அடக்கித் தைக்க வேண்டும்.

குறியிடும் பொருள்கள்

காற்றில் மறையும் ஊதா மை ஈரப்பதத்தில் வேகமாக மறையும். சயானின் ஜூலை மாதத்தில், காலையில் வரைந்த கோடு தைக்கும் நேரத்தில் இருக்காது. நீரில் கரையும் நீல மை நிற்கும். ஆனால் அலசுவதற்கு முன் இஸ்திரிப் பெட்டியோ மொட்டைமாடி வெயிலோ பட்டால் துணியிலேயே ஊறிவிடும். இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவின் கோடு உறைகுளிரில் திரும்பத் தலைகாட்டும் என்பதால் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைக்கு அனுப்பும் கோதடிக்கு அது வேண்டாம். நம் தையல்காரர்களின் பழைய வழி தேய்ந்த சோப்புத் துண்டு. குளித்து மெலிந்து விளிம்பு கூரான சில்லை இரண்டு நாள் காயவிட்டால் அடர்நிறத் துணியில் மெல்லிய வெள்ளைக் கோடு போடும். வெளிர் துணிக்கு இது ஆகாது. அங்கே நீலச் சாக்பீஸ். கோதடியை முதல் அலசலில் குளிர்ந்த தண்ணீரில், பொடி எதுவும் போடாமல் முக்கி எடுத்து, கோடு முழுக்கப் போய்விட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே வெயிலில் போட வேண்டும்.