கிபிர் போர் விமானம்: ஏற்றுமதி வரலாறு

கிபிர், இஸ்ரேல் 1970களில் உருவாக்கிய ஒற்றை எஞ்சின் போர் விமானம். எபிரேய மொழியில் இப்பெயருக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். இஸ்ரேல் விமானப்படையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பறந்தது; அயல்நாட்டுப் படைகளுக்கும் விற்கப்பட்டது. ஈக்வடார், கொலம்பியா, இலங்கை ஆகியவை இதை வாங்கின. அமெரிக்கா குத்தகைக்கு எடுத்துப் பயன்படுத்தியது.

தோற்றம்

இஸ்ரேலுக்கென பிரான்சின் டசால்ட் நிறுவனம் வடிவமைத்த மிராஜ் 5 விமானங்கள் ஐம்பதுக்கு இஸ்ரேல் பணம் கட்டியிருந்தது. 1967 ஜூனில் ஆறு நாள் போரையொட்டி பிரெஞ்சு அதிபர் சார்ல் டி கோல் ஆயுதத் தடை விதித்ததால் அவை வந்து சேரவில்லை. பெய்ரூட் விமான நிலையத்தின் மீது இஸ்ரேல் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, 1969 தொடக்கத்தில் தடை மேலும் இறுகியது.

இஸ்ரேல் விமானத் தொழிலகம் முதலில் மிராஜ் 5-ஐ ஒத்த நெஷர் விமானத்தைத் தயாரித்தது. அடுத்து, மிராஜின் உடலில் அமெரிக்க ஃபான்டம் விமானத்தின் ஜே79 எஞ்சினைப் பொருத்தியது. இந்த எஞ்சினுக்கு உந்துவிசையும் வெப்பமும் அதிகம் என்பதால் பின்னுடல் மாற்றியமைக்கப்பட்டது. குளிர்காற்றை உள்ளிழுக்க வால் துடுப்பின் அடியில் ஒரு திறப்பு வைக்கப்பட்டது. 1973-ல் முதன்முதலாகப் பறந்த கிபிர், 1975-ல் பணியில் சேர்ந்தது. காற்றுள்வாயின் அருகே சிறு முன்னிறக்கைகள் கொண்ட சி2 வகை அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1980களில் சி7 வகை வந்தது. எல்லா வகைகளும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் தயாரிக்கப்பட்டன.

எஞ்சினும் அனுமதியும்

பிரெஞ்சுத் தடையிலிருந்து விடுபடத் தேர்ந்த எஞ்சினே புதிய தளையானது. ஜே79 அமெரிக்கத் தயாரிப்பு என்பதால் கிபிரை மூன்றாம் நாட்டுக்கு விற்க வாஷிங்டனின் ஒப்புதல் தேவைப்பட்டது. 24 கிபிர் விமானங்களை ஈக்வடாருக்கு விற்கும் முயற்சியை 1977-ல் ஜிம்மி கார்ட்டர் அரசு தடுத்தது. ரொனால்ட் ரீகன் ஆட்சிக்கு வந்த பிறகுதான் வழி திறந்தது. ஈக்வடாருக்கு 12 விமானங்கள் கிடைத்தன. 1995 பிப்ரவரியில் பெருவுடன் நடந்த செனெபா போரில் ஈக்வடாரின் கிபிர் ஒன்று பெருவின் ஏ-37 தாக்குதல் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது.

இந்தத் தளை இல்லாத நெஷர், 1978 முதல் டாகர் என்ற பெயரில் அர்ஜென்டினாவுக்கு விற்கப்பட்டது. இஸ்ரேல் பயன்படுத்தி முடித்த அந்த 39 விமானங்கள் 1982 ஃபாக்லாந்து போரில் முன்னணியில் நின்றன. அவற்றில் பதினொன்று அழிந்தன.

அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் 1985 முதல் 1989 வரை 25 கிபிர் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தன. எஃப்-21 என்ற பெயரில் அவை போர்ப்பயிற்சியில் எதிரி விமானங்களாக நடித்தன.

புதுப்பித்தல் ஒரு தொழிலாதல்

இஸ்ரேல் சொந்தமாக வடிவமைத்த லாவி போர் விமானத் திட்டம் செலவு மிகுதியால் 1987 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. ரேடார், விமானி அறைத் திரைகள், ஆயுதக் கணினி ஆகியவற்றில் தேர்ந்த பொறியாளர்களின் உழைப்பு பழைய விமானங்களைப் புதுப்பிக்கும் பணிக்குத் திரும்பியது. ருமேனியாவின் மிக்-21 விமானங்கள் 1990களில் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தின் துணையுடன் லான்சர் ஆயின.

இந்த வணிகத்தின் கணக்கு எளிது. விமான உடலில் பறக்கும் ஆயுள் மிச்சமிருக்கும். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடலாம். காலாவதியாவது பெரும்பாலும் மின்னணுக் கருவிகளே. அவற்றை மட்டும் மாற்றினால், புது விமானத்துக்குப் பணமில்லாத நாட்டுக்குக் குறைந்த விலையில் ஒரு போர்ப்படை கிடைக்கும்.

இதன் முழு வடிவத்தைக் கொலம்பியாவில் காணலாம். 1989 முதல் 13 கிபிர் விமானங்களைப் பெற்ற அந்நாடு, கையிலிருந்தவற்றைப் புதுப்பிக்கவும் மேலும் 13 விமானங்களை வாங்கவும் 2008-ல் ஒப்பந்தம் செய்தது. புதிய ரேடாரும் ஏவுகணைகளும் பெற்ற அவ்விமானங்கள் 2012-ல் அமெரிக்காவின் ரெட் ஃபிளாக் போர்ப்பயிற்சியில் பங்கேற்றன.

இலங்கை

இலங்கை விமானப்படை 1996-ல் கிபிர் விமானங்களை வாங்கி, கட்டுநாயக்கவில் 10ஆம் அணியை அமைத்தது. பின்னர் மேலும் சில வந்தன. 2001 ஜூலை 24 அன்று விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க விமானத் தளத்தைத் தாக்கியபோது இரண்டு கிபிர் விமானங்கள் அழிந்தன.

வடக்கு, கிழக்கில் நடந்த வான்வழிக் குண்டுவீச்சில் கிபிருக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடுவது வன்னி மக்களின் அன்றாடமாயிற்று. 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியதில் பள்ளி மாணவிகள் பலர் கொல்லப்பட்டனர். அது புலிகளின் பயிற்சி முகாம் என்று அரசு கூறியது. அங்கே சென்று பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, படைத்தளத்துக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றது. கிபிரின் வரலாற்றை வேகத்தையும் விலையையும் மட்டும் வைத்து எழுதினால் இந்த மரணங்கள் விடுபட்டுப்போகும்.

உள்நாட்டுப் போர் முடிந்த பின், 2011 மார்ச் 1 அன்று விமானப்படையின் வைர விழா ஒத்திகையில் இரு கிபிர்கள் கம்பஹா மாவட்டத்தில் நடுவானில் மோதின. விமானி ஒருவர் உயிரிழந்தார். 2021-ல் எஞ்சிய கிபிர்களைப் புதுப்பிக்க, இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் எனப் பெயர் மாறிவிட்ட அதே தொழிலகத்துடன் ஏறத்தாழ 5 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பிளாக் 60

சேமிப்பில் இருந்த விமானங்களை மின்னணு வருடல் ரேடாருடன் புதுப்பித்து, பிளாக் 60 என்ற பெயரில் விற்க இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் 2013 முதல் முனைந்தது. அர்ஜென்டினாவுடன் நடந்த பேச்சு நிறைவேறவில்லை. அந்நாடு 2024-ல் டென்மார்க்கிடமிருந்து 24 பழைய எஃப்-16 விமானங்களை வாங்கியது.

மதிப்பீடு

கொலம்பியா 2024-ல் காசா போரை முன்னிட்டு இஸ்ரேலுடன் தூதரக உறவை முறித்தது. கிபிர்களுக்கு உதிரிபாகமும் பராமரிப்பும் பெறுவது கேள்விக்குள்ளானது. 2025-ல் அந்நாடு சுவீடனின் கிரிப்பென் விமானத்தைத் தேர்ந்தெடுத்தது. விலை மலிவு என்று வாங்கிய விமானத்துக்கு உதிரிபாகம், மென்பொருள், பராமரிப்பு அனைத்துக்கும் பல பத்தாண்டுகள் விற்றவரையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. பிரான்சின் தடையால் பிறந்த கிபிர், தன்னை வாங்கிய நாடுகளுக்கும் அதே சார்புநிலையைக் கொண்டுசென்றது.