பலகையும் எலும்புச் சாம்பலும்

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வழக்கோடு வந்து சேர்ந்தார். வாதி, பிரதிவாதி இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள்தாம். பத்தாவது படிக்கும் அவருடைய மகளுக்குச் சித்திரம் எழுதுவதில் ஆசை. அது வெறும் ஆசையல்ல என்பது அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும். இப்போது அவளுக்குக் கண்ணாடியில் பேனாவால் எழுதும் எலெக்ட்ரானிக் பலகை வேண்டுமாம்.

"விலையைச் சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவீர்கள், ஸார்! பென்சிலும் காகிதமும் இருக்கிறபோது கண்ணாடி மேலே எதற்குக் கிறுக்க வேண்டும்? முதலில் கையால் கற்றுக்கொள்ளட்டும். கதை எழுதுகிறவர், நாலும் தெரிந்தவர், நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

மகள் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள். "அதுவும் கையால்தானே மாமா போடறது?" என்றாள்.

எனக்கு ஒரு நேர்கோடு கூட ஒழுங்காக வராது. ஆனாலும் தீர்ப்புச் சொல்ல ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டேன். அந்த வாரத்தில் நான் போய்ச் சேர்ந்த இடம் பிளாரன்ஸ் நகரம். காலம், ஏறக்குறைய 1400.

சென்னினோ சென்னினி என்று ஒரு சித்திரக்காரர். அவர் தீட்டிய படங்களால் அவருக்குப் பெரிய புகழ் ஒன்றும் வரவில்லை. தொழிலைக் கற்பிக்க அவர் எழுதி வைத்த புத்தகத்தினால்தான் இன்றும் பெயர் நிற்கிறது. குரு பரம்பரை மட்டும் உயர்ந்தது: ஜியோத்தோவின் சீடர் தத்தேயோ காதி, அவர் மகன் ஆஞோலோ காதி, அந்த ஆஞோலோவிடம் பன்னிரண்டு வருஷம் குருகுலவாசம் செய்தவர் சென்னினி. சித்திரம் பழக எத்தனை காலம் ஆகும் என்று அவர் கணக்குப் போடுகிறார். முதலில் ஒரு வருஷம் சிறு பலகையில் கோடு பழக வேண்டும். பிறகு ஆறு வருஷம் குருவின் பட்டறையில் வர்ணம் அரைக்க வேண்டும், பசை காய்ச்ச வேண்டும், பலகைக்குச் சுண்ணம் பூச வேண்டும், பொன் ரேக்கு ஒட்ட வேண்டும். அதன் பிறகு ஆறு வருஷம் வர்ணம் தீட்டக் கற்க வேண்டும். பண்டிகை நாளிலும் கோடு போடுவதை நிறுத்தக் கூடாது. ஆகப் பதின்மூன்று வருஷம்!

நண்பருக்குச் சாதகமான சாட்சி கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தச் சிறு பலகையை உற்றுப் பார்த்தேன்.

பாக்ஸ் என்ற கெட்டியான மரத்தில் ஒரு சாண் சதுரம் அறுத்த பலகை அது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கிடக்கும் கோழி எலும்புகளைப் பொறுக்கிக்கொள் என்கிறார் ஆசிரியர். தொடை எலும்பும் இறக்கை எலும்பும்தான் சிலாக்கியம். அவற்றை நெருப்பில் போட்டுச் சாம்பலைவிட வெண்மையாக வந்ததும் எடுத்து, இரண்டு மணி நேரம் அரைக்க வேண்டும். அந்தப் பொடியில் பாதி அவரைக்கொட்டை அளவு கூட வேண்டாம். எச்சிலைச் சேர்த்துக் குழைத்துப் பலகை முழுவதும் விரலால் தடவி, காய்கிற வரையில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் மேல் வெள்ளி முனை வைத்த எழுத்தாணியால் கோடு இழுத்தால் மெல்லிய சாம்பல் நிறத்தில் விழும். மறுபடி பூசிவிட்டால் பலகை புதிதாகிவிடும்.

அதாவது, அறுநூறு வருஷத்துக்கு முன்பே ஆரம்பப் பாடம் அழித்து அழித்து எழுதும் பலகையில்தான் நடந்திருக்கிறது. தோலும் காகிதமும் விலை அதிகம். கற்றுக்குட்டியிடம் யார் கொடுப்பார்கள்? வழக்கு பெண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆனால் முழுவதும் சாயவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு கோட்டை அழிப்பது சுலபமல்ல. எலும்பு தேட வேண்டும், அரைக்க வேண்டும், பூச வேண்டும், காய வேண்டும். அத்தனை நேரமும் தான் போட்ட கோணல் மூக்கு அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்றைய பலகையில் இரண்டு விரலால் ஒரு தட்டு. தவறு போன இடம் தெரியாது. தவறு மறைவதற்கு ஆகும் நேரம்தான் தவறைப் பார்ப்பதற்குக் கிடைத்த நேரமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

வர்ணம் அரைக்கிற ஆறு வருஷத்தைப் பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஜாதிலிங்கச் சிவப்பைத் தினமும் இருபது வருஷம் அரைத்தாலும் அரைக்க அரைக்க மேன்மைதான் என்கிறார் சென்னினி. ஆப்கானிஸ்தானத்தின் படக்‌ஷான் மலையிலிருந்து வந்த நீலக்கல்லைப் பொடித்து, பிசினும் மெழுகும் சேர்த்து மாவாகப் பிசைந்து, சாம்பல் தண்ணீரில் கசக்கிக் கசக்கி நீலத்தை இறக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆண்களைவிடச் சிறு பெண்களே தகுந்தவர்கள், வீட்டிலேயே இருப்பார்கள், கையும் மிருது என்று எழுதுகிறார். எந்த ஊரானால் என்ன, மாவு பிசைகிற வேலை யார் தலையில் விழும் என்பதில் மாறுதல் இல்லை! சிஷ்யன் வர்ணத்தின் குணத்தைக் கையால் அறிந்தான் என்பது உண்மைதான். குருவுக்குச் சம்பளமில்லாத ஓர் ஆள் கிடைத்தான் என்பதும் உண்மையாக இருக்க வேண்டும்.

அந்த அரைப்பு வேலை மெல்ல மெல்ல வியாபாரிகளிடம் போயிற்று. அரைத்த வர்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி விற்றார்கள். ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும்; குத்திய பையைச் சரியாக மூட வழியில்லை, உள்ளே இருப்பது காய்ந்துவிடும். லண்டனில் இருந்த ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 1841-ல் மெல்லிய தகரக் குழாய் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பற்பசை பிதுக்குகிறோமே, அதே குழாய். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றங்கரைக்கும் வயலுக்கும் போனார்கள். அந்தக் குழாய் இல்லாவிட்டால் நாங்கள் யாருமே இல்லை என்ற கருத்தில் ரெனுவார் பேசியதை அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார்.

இதற்கும் ஒரு விலை இருந்தது. வான் கோ 1888-ல் தம் படுக்கையறையைத் தீட்டியபோது சுவர்கள் ஊதா நிறம். கடையில் வாங்கிய சிவப்பு நாளடைவில் வெளிறிவிட்டது. மிஞ்சிய நீலத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். 1963-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்ற மாணவர் ஒளிப்பேனாவால் திரையின் மேலேயே கோடு போட்டுக் காட்டினார். அது இஞ்சினியர் போடுகிற கோடு, சித்திரமல்ல. பத்து வருஷம் கழித்து, 1973-ல், கலிபோர்னியாவில் ஸெராக்ஸ் ஆராய்ச்சிசாலையில் ரிச்சர்ட் ஷூப் என்பவர் தூரிகை, வர்ணத் தட்டு எல்லாம் கொண்ட ஒரு யந்திரத்தை அமைத்தார். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட நிறங்களிலிருந்து ஒரு சமயத்தில் 256-ஐ எடுத்துப் பூசலாம். கம்பெனி அதில் அதிகச் சிரத்தை காட்டவில்லை. பிற்பாடு ஷூப்புக்கு விருதுகள் வந்தன.

1985 ஜூலையில் நியூயார்க்கில் அமிகா என்ற கம்ப்யூட்டரை வெளியிட்ட விழாவில், ஆண்டி வார்ஹால் மேடையிலேயே உட்கார்ந்து ஒரு பாடகியின் முகத்துக்கு வர்ணம் பூசினார். ஐம்பத்தாறு வயது, உலகப் புகழ் பெற்றவர். அவர் வீட்டில் பழகிப் பார்த்த படங்கள் பழைய தட்டுகளில் அடைபட்டுக் கிடந்து 2014-ல் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று பொத்திச்செல்லியின் வீனஸ். முகத்தில் மூன்று கண்கள். ஒரு கண்ணை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். நமக்கு நெற்றிக்கண் புதிதல்ல. ஆனால் அத்தனை பெரிய மனிதர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலப் பொத்தான்களை அமுக்கிப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

கண்ணாடியில் பழகுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதை நான் இப்போதுதான் அறிந்தேன். தட்டில் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சை வரும், குழந்தைக்கும் தெரியும். திரையில் அதே இரண்டையும் சமமாகக் கலந்தால் சாதாரணமாகச் சாம்பல் நிறம்தான் வருகிறது. அங்கே இருப்பது மண்ணல்ல, ஒளி. யந்திரம் எண்களின் சராசரியை எடுக்கிறது. பூச்சுக்குள் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931-ல் போட்டு வைத்த கணக்கைக் கொண்டுவந்து, சில வருஷங்களுக்கு முன்புதான் திரையிலும் பச்சை வரும்படி செய்திருக்கிறார்கள். சென்னினியின் பையன் அம்மிக்கல்லில் கற்றதை யந்திரம் சமன்பாட்டில் கற்கிறது.

கடைசிச் சாட்சி டேவிட் ஹாக்னி. 1953 முதல் நாலு வருஷம் பிராட்ஃபோர்டு கலைப் பள்ளியில் ஆளை உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்துக் கோடு பழகியவர். எழுபது வயதுக்கு மேல் கண்ணாடிப் பலகையை எடுத்தார். யார்க்‌ஷயரில் படுக்கையிலிருந்தபடியே, விளக்கைப் போடாமல், தண்ணீரும் தூரிகையும் தேடாமல், விடிகிற வானத்தைத் தீட்டினார். 2011-ல் வசந்தம் வருவதை அந்தப் பலகையில் தீட்டிய 51 படங்களும், அவற்றோடு 32 கித்தான்களைச் சேர்த்துத் தீட்டிய ஒரு பெரிய எண்ணெய் வர்ணப் படமும் மறு வருஷம் லண்டனில் காட்சிக்கு வந்தன. இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லக்கூடிய மனிதர். அந்தப் பலகையில் அவரைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு: போட்ட படத்தை முதல் கோட்டிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். அதுவரையில் தாம் எழுதுவதைத் தாமே பார்த்தவரல்லர் அவர்.

தவணை முடிந்து நான் இதையெல்லாம் சொல்லப் போனபோது, வழக்கு என் கையைவிட்டுப் போயிருந்தது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா தம் பலகையை ஒரு வாரத்துக்கு அவளிடம் கொடுத்திருந்தார். பாட்டியின் முகத்தை எழுதியிருந்தாள். நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் பாட்டிதான்.

"திரும்ப ஓட்டிக் காட்டு" என்றேன்.

ஓட்டினாள். மூக்கு வந்தது, போயிற்று, வந்தது, போயிற்று. நண்பர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார்; எண்ணிக்கொண்டே வந்தார்.

"பதினொன்றாவது நன்றாகத்தானே இருந்தது? ஏன் அழித்தாய்?" என்றார்.

"எப்படி அழிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்லையே அப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் அந்த இடத்தில் நிறுத்தி, கணக்கு நோட்டை எடுத்துப் பென்சிலால் அந்த மூக்கைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.