கன்வெர்ட்டர் கடந்த தூரம்

உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு வளையம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் 400 மில்லிமீட்டர் லென்ஸ் 560 ஆகிறது. அதன் அண்ணனை மாட்டினால் 800. பறவைப் படம் எடுப்பவர்கள் சுருக்கமாகக் கன்வெர்ட்டர் என்பார்கள். 1.4, 2 என்ற இரு அளவுகளே அதிகம் புழங்குகின்றன. செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிக்கரைகளில் இன்று சர்வசாதாரணமாகக் கண்ணில் படும் இந்த வளையம், முதலில் வானத்தைப் பார்க்கப் பிறந்தது.

1830களில் இங்கிலாந்தின் வூலிச் ராணுவக் கல்விக்கழகத்தில் கணிதம் கற்பித்த பீட்டர் பார்லோ, தொலைநோக்கிக்குள் ஒரு குழிலென்ஸை வைத்தால் ஒளி சற்றுத் தள்ளிக் குவியும், பிம்பம் பெரிதாகும் என்று காட்டினார். லண்டனில் கண்ணாடிக் கருவிகள் செய்துவந்த டாலண்ட் குடும்பத்தார் அதைச் செய்து கொடுத்தார்கள். கோள்களைப் பார்ப்பவர்கள் இன்றும் 'பார்லோ' என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். 1891இல் இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் மீத்தேயும் ஸ்டெய்ன்ஹைலும் இதே குழிலென்ஸ் உபாயத்தால், ஒருவரையொருவர் சாராமல், புகைப்பட டெலிஃபோட்டோவை உருவாக்கினார்கள். 1960களில் ஜப்பானிய நிறுவனங்கள் மலிவான கன்வெர்ட்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. படம் மங்கும் என்ற கெட்டபெயர் அப்போது ஒட்டியது. பின்னர் லென்ஸ் நிறுவனங்களே தங்கள் லென்ஸுக்குப் பொருந்தும்படி வடிவமைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் முழுதாகப் போகவில்லை.

அந்தப் பெயரில் பாதி நியாயம் உண்டு. ஒரே கரண்டி மாவை அகலமாக இழுத்தால் தோசை பெரிதாகும், மெலியவும் செய்யும், ஒளியும் அப்படித்தான். 1.4 மாட்டினால் பாதி வெளிச்சம் போகும், 2 மாட்டினால் முக்கால்வாசி. எஃப் 5.6 லென்ஸ் முறையே எஃப் 8, எஃப் 11 ஆகிவிடும். 2 மாட்டினால், விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கில் வைத்த ஷட்டரை, அதே ஐஎஸ்ஓவில், ஐந்நூறில் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவுக்கு அது போதும். பறக்கும் ஆலாவுக்குப் போதாது. பழைய எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் எஃப் 5.6க்கு மேல் ஆட்டோஃபோகஸே வேலை செய்யாது. கன்வெர்ட்டரின் மின்முனைகளில் மூன்றை மெல்லிய டேப்பால் மூடி, அது இருப்பதே கேமராவுக்குத் தெரியாமல் செய்து ஃபோகஸ் வாங்கியவர்கள் உண்டு. மிரர்லெஸ் கேமராக்கள் அந்தத் தொல்லையைத் தீர்த்தன.

லென்ஸ் சோதிக்க ஆய்வுக்கூடம் தேடவேண்டாம். பழைய தமிழ் நாளிதழின் வரி விளம்பரப் பக்கம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, முக்காலி போட்டு, காலையிலேயே எடுத்துப் பார்க்கலாம். முதலில் வெறும் லென்ஸ், பிறகு 1.4, பிறகு 2. வெறும் லென்ஸில் எடுத்ததைக் கணினியில் அதே அளவுக்குப் பெரிதாக்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். பார்க்கவேண்டிய இடம் ண. மூன்று சுழியும் தனித்தனியே தெரிகிறதா, இல்லை இரண்டு சுழி ன மாதிரி ஒட்டிக்கொள்கிறதா? கன்வெர்ட்டர் படத்தில் சுழி கூடுதலாகப் பிரிந்தால்தான் அது தன் விலைக்கு வேலை செய்கிறது. பிரியவில்லை என்றால் கணினியில் வெட்டிப் பெரிதாக்கியதே மேல். நல்ல லென்ஸில் 1.4 இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும். 2இன் முடிவு லென்ஸுக்கு லென்ஸ் மாறும். எஃப் 16க்கு மூடினால் சில லென்ஸ்கள் கொஞ்சம் தெளிவடையும். ஆனால் அங்கே ஒளியின் விளிம்பு விலகல் தன் பங்கைக் கேட்க ஆரம்பிக்கும்.

சுவரில் தேறியது செங்கல்பட்டின் கொளவாய் ஏரியில் தோற்கலாம். வெயில் ஏற ஏற நீருக்கு மேலே காற்று அலைபாயும். சூடான அடுக்கும் குளிர்ந்த அடுக்கும் ஒளியை மாற்றி மாற்றி வளைக்கும். கன்வெர்ட்டர் பறவையோடு சேர்த்து அந்த நடுக்கத்தையும் இரட்டிக்கும். ஒன்பது மணிக்கு மேல் எடுத்த படத்தில் இறகு குழைந்திருந்தால் லென்ஸைத் திட்டுவது அநியாயம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதக் காலைதான் சோதிக்கத் தோதான காலம்.

கடற்கரைப் பக்கம் வேறு கவலை. பாலாறு கடலில் கலக்கும் வாயலூரிலும், அதற்குத் தெற்கே பூநாரை வரும் ஒதியூர்க் கழியிலும் உப்புக்காற்று. கன்வெர்ட்டர் மாட்டினால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே ஒரு மூட்டு கூடுகிறது. ஈரமும் மணலும் நுழைய இன்னொரு வாசல். வீடு திரும்பியதும் மின்முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஆனால் கன்வெர்ட்டருக்கு முழு மரியாதை கிடைக்கவேண்டிய இடம் வேடந்தாங்கல். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்க்காரர்கள், கூடுகட்டும் பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தார்கள். கரைக்கும் மரங்களுக்கும் நடுவிலுள்ள நீர்ப்பரப்பு அவர்கள் காத்துக்கொடுத்தது. அதைத் தாண்டிப் போக நமக்கு உரிமையில்லை, லென்ஸ் மட்டும் போகலாம். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைக் கோத்துத் தானே கட்டிய கேமராவுக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு காடுகளில் நடந்த காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கறுப்பு வெள்ளையில், இந்த வசதி எதுவும் இல்லாமல் எடுத்தவர் அவர்.

80 மீட்டரில் நிற்கும் ஒரு மீட்டர் உயர மஞ்சள் மூக்கு நாரை, 400 மில்லிமீட்டரில் சென்சார் மீது 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். 1.4 மாட்டினால் 7, 2 மாட்டினால் 10. வேடந்தாங்கலில் நான் 7 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். குஞ்சுக்கு இரை கக்கும் தாயின் அலகு அசையும் வேகத்தைப் பிடிக்க, மிச்சமாகும் அந்த வெளிச்சம் வேண்டியிருக்கிறது.